எட்டு மடிப்பு ஒத்தடம்

ரேடியோ நின்றுபோனதை முதலில் கவனித்தவர் இஸ்திரிக்காரர்தான். நிஜ ரேடியோ இல்லை, மகள். பேசப் பழகிய நாளிலிருந்து அந்த வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். பள்ளிக்கூடத்தில் பேசியதற்காகப் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தியபோது, மேலே நின்றபடியே கீழே உட்கார்ந்திருந்தவளோடு பேசியவள். வளர்ந்து கிடைத்த வேலையும் பேச்சு வேலைதான். எந்த வண்டி எத்தனையாவது மேடையில் நிற்கிறது என்று பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் சொல்கிற வேலை. இப்போது எட்டாம் மாதம். புருஷன் லாரி ஓட்டுகிறவன், கிளம்பினால் திரும்ப மூன்று வாரம் ஆகும். தனியாக இருக்க வேண்டாமென்று விடுப்பு எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். கடைக்கும் வீட்டுக்கும் நடுவிலிருந்த கதவை ஒட்டி நாற்காலியைப் போட்டுக்கொண்டு, காலை காப்பியிலிருந்து ராத்திரி விளக்கணைக்கிற வரைக்கும் ஒலிபரப்பு.

அன்று பதினோரு மணிக்கு, நாலு சட்டையை முடித்து ஐந்தாவதன் காலரில் தண்ணீர் தெளிக்கும்போது, தன் இஸ்திரிப் பெட்டியின் உஸ்ஸென்ற சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை என்பது அவருக்கு உறைத்தது.

"என்ன ரேடியோ, நிலையத்துல கரண்ட் இல்லையா?"

மகள் வலது கன்னத்தை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு, "பல்லு" என்றாள். ஒரு கேள்விக்கு அவள் ஒரே சொல்லில் பதில் சொன்னது அவருக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

அடுத்த மேசையில் தலையணை உறை மடித்துக்கொண்டிருந்த மனைவியின் கை ஒரு நொடி நின்று, பிறகு நகர்ந்தது. 

அவளை அந்தத் தெரு மடிப்பக்கா என்றுதான் கூப்பிடும். அவர் தேய்ப்பார், அவள் மடிப்பாள். இருபது சட்டையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்தால் பக்கவாட்டில் சுவர்போல நிற்கும். பெரிய விரிப்புகளுக்கு மட்டும் இரண்டு பேரும் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து இழுத்து உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து, அவர் தன் முனைகளை அவள் விரல்களுக்குள் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொள்வார். மீதியை அவள் பார்த்துக்கொள்வாள். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது தடவை இப்படி எதிரெதிரே வந்து பிரிவார்கள். விரல்கள் தொட்டுக்கொள்வது இரண்டு பேருக்குமே தெரியாத அளவுக்குப் பழகிவிட்டது. அவளுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. சிரித்தால் வாயைக் கையால் மூடிக்கொள்வாள். கூச்சம் என்று தெரு நினைத்தது. இடது பக்கம் ஒரு பல் இல்லை, அதுதான் காரணம்.

அது மழைக்காலம். நாலு நாளாக வானம் மூடியே கிடந்தது. வீட்டில் துணி காயாதவர்கள் ஈரத்தோடே கொண்டுவந்து கொடுத்தார்கள். ஈரத் துணியில் பெட்டி பட்டதும் ஆவி எழுந்து கடையாக இருந்த முன்னறை முழுக்க நின்றது. ஜன்னல் கண்ணாடி வெளுத்துப்போய், தெருவில் போகிறவர்கள் நிழலாகத் தெரிந்தார்கள். அந்தப் புழுக்கத்தில் ரேடியோவின் முனகல் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது.

சட்டை கொடுக்க வந்தவர்களெல்லாம் வைத்தியத்தையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். தையல்காரர் கிராம்பைச் சொன்னார். மாடி வீட்டு டீச்சர் உப்புத் தண்ணீர் போதும் என்றாள். கொப்பளிக்கக் கூடாது, வாயில் அடக்கிவைத்துக்கொள்ள வேண்டும் என்று தன் வாயைக் குவித்தே காட்டினாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் பூண்டைத் தட்டி வைக்கச் சொன்னதோடு நிற்காமல், அடுத்த நடைக்கு வரும்போது எங்கிருந்தோ ஒரு கைப்பிடி கொய்யா இலையும் பறித்துக்கொண்டு வந்தார். எதிர்ப் பக்கத்துச் செருப்புக்கடைக்காரர் மழைக்கு ஒதுங்கியவர்போல வந்து நின்று, வாயை அகலத் திறந்து காட்டினார். "பாருங்கக்கா, மொத்தம் நாலு பல்லுதான் பாக்கி. ஒண்ணாவது வலிக்குதா? கூட்டம் அதிகமாயிருந்தாத்தான் சண்டை."

மடிப்பக்கா ஒன்றையும் தள்ளவில்லை. எல்லாவற்றையும் வரிசையாகச் செய்தாள். கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் நனைத்து வைத்தாள். அரை மணி நேரம் மரத்திருந்தது. நன்றாகக் கேட்கிறதே என்று இன்னும் கொஞ்சம் ஊற்றி வைத்ததில், கன்னத்தின் உள்பக்கம் வெந்து வெள்ளையாகத் தோல் உரிந்தது. பூண்டு வாந்தியைக் கொண்டுவந்தது. குளிர்பானக் கடையிலிருந்து வாங்கிவந்த ஐஸ், வைத்திருக்கும்வரை தேவலை. எடுத்ததும் விட்ட இடத்திலிருந்து இரண்டு மடங்காக வலித்தது. ஒவ்வொன்றும் தோற்கத் தோற்க அவளுக்கு வேகம் கூடியது. கை சும்மா இருக்கும்போதுதான் பயம் வந்தது.

"ரேடியோவுக்கு ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பிப் பாக்கறா உங்கம்மா. எந்த ஸ்டேஷனும் எடுக்க மாட்டேங்குது" என்றார் இஸ்திரிக்காரர். மகள் சிரிக்கப் பார்த்தாள். உதடு பிரிந்ததும் வலி தாங்காமல் மூடிக்கொண்டாள்.

அவர் அப்படித்தான். எதற்கும் ஒரு கிண்டல், அத்தோடு சரி. மகளை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது, யாருக்குக் கட்டிக்கொடுப்பது, கூரை ஒழுகினால் யாரைக் கூப்பிடுவது, எல்லாம் மடிப்பக்காதான். "மேலிடத்துல கேட்டுச் சொல்றேன்" என்று மனைவியைக் கைகாட்டுவார். இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று டீச்சர் அடிக்கடி சொல்வாள்.

மறுநாள் காலை மகளின் முகத்தைப் பார்த்ததுமே அவள் தூங்கவில்லை என்று தெரிந்தது. தலையணை உறையின் ஒரு ஓரம் பல்லில் கடிபட்டுக் கிழிந்திருந்தது. மடிப்பக்கா மருந்துக்கடைக்கு ஓடினாள். அங்கே ஆள் எத்தனை மாதம் என்று கேட்டான். பிறகு கண்ணாடிப் பலகைக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டு, காய்ச்சலுக்குக் கொடுக்கிற சாதா மாத்திரையை மட்டும் எடுத்துக் கொடுத்தான். "வயித்துல புள்ளையோட இருக்கறவங்களுக்கு இதுக்கு மேல நான் கையால எடுத்துக் கொடுக்க மாட்டேன். டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றான். அந்த ஒரு மாத்திரையையும் அவள் வீட்டுக்கு வந்து இரண்டாக உடைத்து, பாதியைத்தான் கொடுத்தாள். மீதிப் பாதி தாளில் சுற்றி அலமாரியில் இருந்தது.

"பல் டாக்டர்கிட்ட போயிட்டு வந்துடலாமா அம்மா?" மகள் வாயைத் திறக்காமல் கேட்டாள்.

"மாசமா இருக்கறப்ப பல்லுல கை வைக்கக் கூடாது கண்ணு. பிரசவம் முடியட்டும்."

"அதுக்கு இன்னும் நாப்பத்தெட்டு நாள் இருக்கும்மா."

பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்த மடிப்பக்கா, பாதியில் விழுங்கினாள். இஸ்திரிக்காரரைப் பார்த்தாள். அவர் ஒரு பேண்டின் மடிப்புக் கோட்டை வெகு அக்கறையாகச் சரிசெய்துகொண்டிருந்தார்.

பல் டாக்டர் ஒன்றும் தூரத்தில் இல்லை. தெரு முனையில் திரும்பினால் இரண்டாவது கட்டடம். சொல்லப்போனால் டாக்டரம்மா அந்த முன்னறைக்குள்ளேயே இருந்த மாதிரிதான். அவருடைய வெள்ளைக் கோட்டுகள் வாரத்துக்கு ஆறு இங்கேதான் தேய்க்க வரும். அன்றைக்கும் மூன்று கோட்டுகள் சுவரோரக் கம்பியில், கை தொங்கப்போட்டுக்கொண்டு ஆள் நிற்பதுபோலத் தொங்கின. அவற்றின் பைகளில் எப்போதும் ஒரு வாசனை இருக்கும். எத்தனை சூடு போட்டாலும் போகாத, கிராம்பும் மருந்தும் கலந்த வாசனை. ஏழு வருடமாக அந்தக் கோட்டுகளை மடித்துக் கொடுத்திருக்கிறாள் மடிப்பக்கா. ஒரு தடவைகூட அந்தக் கட்டடத்துக்குள் கால் வைத்ததில்லை.

மத்தியானம் கோட்டு வாங்க டாக்டரின் உதவிப் பெண் வந்தாள். ஈரத்தில் காயவில்லை, நாளைக்கு வா என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து முனகல் கேட்டது.

"யாருக்கு என்னக்கா?"

"மகளுக்குத்தான். சூடாக் குடிச்சு நாக்கைச் சுட்டுக்கிட்டா" என்றாள் மடிப்பக்கா.

அந்தப் பெண் கொஞ்ச நேரம் உள்கதவையே பார்த்தாள். ஒரு நாளைக்கு இருபது முனகல் கேட்கிறவள். "எதுக்கும் கூட்டிட்டு வாங்கக்கா, சும்மா காட்டத்தானே" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனாள். பொய் சொன்ன வாயை மடிப்பக்கா கையால் மூடிக்கொண்டு நின்றாள், சிரிப்பதற்கு மூடுகிற மாதிரியே.

இருபத்தொன்பது வருடம் முன்னால் அவளுக்கும் இதே மாதிரி வலித்தது. அப்போது ஆறாம் மாதம். முதல் பிள்ளை. வலி பொறுக்காமல் அவள் தலையைச் சுவரில் முட்டியதைப் பார்த்துத் தாங்க முடியாமல், இஸ்திரிக்காரர்தான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். "வா, பிடுங்கிப் போட்டுட்டு வந்துடுவோம், ஒரு நிமிஷ வேலை." ஒரு நிமிஷ வேலைதான். பிடுங்கிய பல்லைக் கழுவி, காகிதத்தில் பொட்டலம் கட்டி அவள் கையிலேயே கொடுத்தார்கள். பதினோராம் நாள் வயிற்றுக்குள் அசைவு நின்றது. அப்போது ஆஸ்பத்திரியில் யாரும் அவள் கையில் எதுவும் கொடுக்கவில்லை. பார்க்க வேண்டாம், மனசு கெட்டுவிடும் என்று பிள்ளையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆண் என்று மட்டும் சொன்னார்கள்.

மாமியார் ஒரே ஒரு தடவை, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள்: "பல்லைப் பிடுங்கினாளே, அதோட வேர் எங்கே இருந்துச்சோ." அதற்குப் பிறகு அந்த வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. இரண்டு வருடம் கழித்து ரேடியோ பிறந்தாள். மாமியார் போய்ச் சேர்ந்தாள். அந்த வாக்கியம் மட்டும் போகவில்லை. நாக்கு அந்தப் பொந்தைத் தொடும்போதெல்லாம் மடிப்பக்கா அதைக் கேட்டாள். யார் வாயைத் திறந்தது? நான். யார் கூட்டிக்கொண்டு போனது? அவர். இந்த இரண்டையும் மடித்து, ஓரம் தெரியாமல் அடியில் வைத்திருந்தாள். மகளுக்குத் தனக்கு முன்னால் ஒருவன் இருந்தான் என்பதே தெரியாது.

மூன்றாம் நாள் அவளுக்குச் சூடு நினைவுக்கு வந்தது. இதை எப்படி மறந்தோம் என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

தேய்க்கிற வீட்டில் எல்லா வலிக்கும் சூடுதான். இடுப்புப் பிடித்தால், கால் சுளுக்கினால், மகளுக்குச் சின்ன வயதில் வயிறு வலித்தால், துணியை மடித்துப் பெட்டியின் கீழ் வைத்து எடுத்து ஒத்தடம் கொடுத்தால் கேட்டுவிடும். ஊரார் வைத்தியமெல்லாம் தோற்றுப்போனதற்குக் காரணம் அது ஊரார் வைத்தியம் என்பதுதான் என்று அவளுக்குப் பட்டது. பழைய பருத்தி விரிப்பிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து எட்டாக மடித்தாள். கணவரின் மேசையில் வைத்தாள். அவர் பெட்டியை அதன் மேல் ஓட்டி, புரட்டி, மறுபடி ஓட்டி, தன் முழங்கையில் வைத்துச் சூடு பார்த்துக் கொடுத்தார். அவள் அதைக் கொண்டுபோய் மகளின் கன்னத்தில் வைத்து அழுத்தினாள்.

மகள் கண்ணை மூடிக்கொண்டாள். "நல்லாருக்கும்மா" என்றாள்.

அந்த ஒரு சொல்லுக்காக அன்று முழுவதும் வேலை நின்றது. கால் மணிக்கு ஒரு தடவை துணி மேசைக்கும் கன்னத்துக்கும் போய்வந்தது. பள்ளிச் சீருடைகள் குவிந்து கிடந்தன. கேட்டவர்களுக்கு மழை மேல் பழி போட்டார் இஸ்திரிக்காரர். மூன்று நாளில் முதல் தடவையாக மத்தியானம் மகள் அயர்ந்து தூங்கினாள். தூக்கத்திலும் ஒத்தடத்தை மடிப்பக்கா நிறுத்தவில்லை. கை எரிந்தது, மாற்றிப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருடம் சூட்டோடு மல்லுக்கு நின்றதற்கு இன்றைக்கு ஒரு அர்த்தம் வந்தது என்றுகூட நினைத்தாள். சாயங்காலம் செருப்புக்கடைக்காரரிடம், கொஞ்சம் பெருமையாகவே, "நம்ம வைத்தியம்தான் கேட்டுச்சு" என்றாள்.

நாலாம் நாள் விடிந்தபோது ரேடியோவின் முகம் பாதி மாறியிருந்தது. வலது கன்னம் காதிலிருந்து தாடை வரை வீங்கிப் பளபளவென்று இருந்தது. மேலே கண் ஒரு கீறலாகச் சுருங்கியிருந்தது. வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குக்கூடத் திறக்கவில்லை. நெற்றியில் கை வைத்த மடிப்பக்கா வெடுக்கென்று எடுத்தாள். பெட்டியைத் தொட்ட மாதிரி இருந்தது.

"அசையுதா?" என்றாள். வயிற்றைத்தான் கேட்டாள்.

மகள் உள்ளங்கையை விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டினாள். தெரியவில்லை.

மடிப்பக்கா எழுந்து முன்னறைக்குப் போனாள். இஸ்திரிக்காரர் பெட்டியைச் சூடேறப் போட்டுவிட்டு, எட்டு மடிப்புத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு, இன்றைக்கும் வேண்டுமா என்பதுபோல நின்றிருந்தார்.

"என்னங்க, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. கூட்டிட்டுப் போகவா, வேண்டாமா?"

அவர் துணியை மேசையில் வைத்தார். அதன் ஓரங்களை ஒன்றாக்கினார். ஏற்கெனவே ஒன்றாகத்தான் இருந்தன.

"நான் சொல்ல மாட்டேன்."

"உங்களுக்கும் அவ பொண்ணுதானே?"

"ஒருதடவை சொன்னேனே" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனது நான்தானே. அதுக்கப்புறம் எதையாவது நான் முடிவு பண்ணிப் பாத்திருக்கியா நீ?"

மடிப்பக்கா அவரைப் பார்த்தாள். மேலிடம், மேலிடம் என்று அவர் கைகாட்டிய அத்தனை தடவைகளும் அவள் கண் முன்னே வந்து நின்றன. அதை அவள் சோம்பல் என்று நினைத்திருக்கிறாள். ஒரு காலத்தில் அன்பு என்றும் நினைத்திருக்கிறாள். இந்த மனிதர் இருபத்தொன்பது வருடமாக ஒரு தண்டனையை, யாரும் கொடுக்காமலே, சிரித்துக்கொண்டே அனுபவித்துவந்திருக்கிறார். யாரும் கொடுக்காமலா? அந்தக் கேள்வியில் அவள் நின்றுபோனாள். போகலாம் என்று சொல்ல நாக்கு எழவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் எழவில்லை. இருவரும் பெட்டியின் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சூடு ஏறியதும் அது அணைந்தது.

உள்கதவில் மகள் வந்து நின்றாள். எத்தனை கேட்டாளோ தெரியாது. காலில் செருப்பு இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு கம்பிக்குப் போய், பல் டாக்டரின் மூன்று கோட்டுகளையும் எடுத்து, வயிற்றுக்கு மேலே கையில் போட்டுக்கொண்டாள்.

"குடுத்துட்டு வரேன்" என்றாள் மூடிய பல்லுக்குள்ளேயே. தெருவில் இறங்கிவிட்டாள். மழை தூறிக்கொண்டிருந்தது.

மடிப்பக்கா குடையைத் தேடி எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள். குடையை மகளுக்குப் பிடித்தாள். நனையக் கூடாது என்று கோட்டுகளின் மேலும் பிடித்தாள். ஒரு குடை இரண்டுக்கும் போதவில்லை. வழியில் என்னென்னவோ சொன்னாள். திரும்பிவிடலாம் என்றாள், சும்மா காட்டிவிட்டு மட்டும் வரலாம் என்றாள். ரேடியோ நடையை நிறுத்தவில்லை.

டாக்டரம்மா கோட்டுகளை வாங்கவில்லை. மகளின் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். வீக்கத்தின் மேல் தோல் சதுரமாகச் சிவந்திருந்தது, குறுக்கே ஒரு கோடு, மடிப்பின் கோடு.

"சூட்டு ஒத்தடம் யாரு குடுத்தது?"

"நான்தாங்க. எங்க வீட்டுல எல்லாத்துக்கும் சூடுதான்."

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பல்லின் அடியில் சீழ் கட்டியிருக்கிறது, அதன் மேல் சூடு வைத்தால் வீக்கம்தான் கூடும், வலி கொஞ்ச நேரம் அடங்கினது மாதிரி இருந்து ஏமாற்றிவிடும் என்று, கையுறையை மாட்டிக்கொண்டே பொறுமையாகச் சொன்னார். இனியும் விட்டால் கழுத்துக்கு இறங்கும், அது தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. பிரசவம் பார்க்கிற டாக்டரோடு போனில் பேசினார். பிறகு மகளை நாற்காலியில் இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்தாற்போல் படுக்கவைத்து, இடுப்புக்குக் கீழே ஒரு தலையணை கொடுத்தார்.

மடிப்பக்காவை வெளியே இருக்கச் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை. கால்மாட்டில் நின்று மகளின் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். ஊசி இறங்கியபோது பாதம் விறைத்தது, பிறகு தளர்ந்தது. தன்னால் செய்ய முடிந்தது எதுவுமே அந்த அறையில் இல்லை. பக்கத்தில் கிடந்த சின்னத் துவாலையை எடுத்து மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள். உதவிப் பெண் அதைக் கேட்டு வாங்க வந்தவள், வாங்காமலே போய் வேறொன்றை எடுத்துக்கொண்டாள்.

எல்லாம் முடிந்து பல் ஒரு தட்டில் கிடந்தது. வேரோடு, கொஞ்சம் ரத்தத்தோடு, இவ்வளவு சின்னதாக. மகள் பஞ்சைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடிக் கிடந்தாள். மடிப்பக்கா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்க வேண்டும் என்று நினைத்துக் கேட்கவில்லை. தானாக வந்துவிட்டது.

"பதினோரு நாள் கழிச்சுத்தான் டாக்டரம்மா, எனக்கு நின்னுபோச்சு. பல்லைப் பிடுங்கிப் பதினோரு நாள். ஆறு மாசம். இவளுக்கு முன்னாடி."

டாக்டரம்மா கையுறையைக் கழற்றுவதை நிறுத்தினார்.

"அப்படி நினைச்சுக்கிட்டா இத்தனை நாள் இவங்களைக் கூட்டிட்டு வராம இருந்தீங்க?" என்றார். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, "பல்லு எடுத்ததால குழந்தை போகாதும்மா. அது பல்லால இல்ல" என்றார்.

"அப்ப எதனால?"

"எனக்குத் தெரியாதும்மா. அன்னிக்குப் பாத்தவங்களுக்கே தெரிஞ்சிருக்குமோ என்னவோ. இப்ப யாராலயும் சொல்ல முடியாது."

அவள் தலையாட்டினாள். பாரம் இறங்கும் என்றுதான் இதைக் கேட்ட யாரும் நினைப்பார்கள். அவளுக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. இத்தனை வருடம் பிடித்துக்கொண்டு நின்ற கம்பி கையோடு பெயர்ந்து வந்துவிட்டது. குற்றம் தன்னுடையதாக இருந்தபோது பிள்ளையும் தன்னுடையதாக இருந்தான். இப்போது அவன் எதற்கென்றே இல்லாமல் போனவன். திரும்பியபோது மகளின் கண் திறந்திருந்தது. ஒன்று முழுதாக, மற்றது கீறலாக. இரண்டும் அவளையே பார்த்தன.

அங்கிருந்தே பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வயிற்றில் கருவியை வைத்ததும் துடிப்பு தையல் இயந்திரம்போல ஓடியது. கொஞ்சம் வேகமாக இருக்கிறது, காய்ச்சல் இறங்கட்டும், மாத்திரையை முழுசாகக் கொடுங்கள், நாளைக்கு மறுபடி வந்து காட்டுங்கள் என்றார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. மடிப்பக்கா அந்த வார்த்தைக்காக ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். வீடு திரும்புகிற வழியெல்லாம் ரேடியோ பஞ்சைக் கடித்துக்கொண்டு வண்டியின் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தாள்.

இஸ்திரிக்காரர் அன்று ஒரு துணியும் தேய்த்திருக்கவில்லை. வாசலிலேயே நின்றிருந்தார். மகள் உள்ளே போய்ப் படுக்கும்வரை கூடவே போனார், கட்டிலைத் தட்டிப்போட்டார், தண்ணீர் எடுத்துவைத்தார். ஒரு கிண்டலும் வரவில்லை. திரும்ப முன்னறைக்கு வந்ததும் கையை என்ன செய்வதென்று தெரியாமல், குவியலிலிருந்து ஒரு பெரிய விரிப்பை எடுத்து இரண்டு முனையை மனைவியிடம் நீட்டினார். இழுத்தார்கள். உதறினார்கள். ஒருவரை நோக்கி ஒருவர் நடந்தார்கள்.

"பல்லால இல்லையாம்" என்றாள் மடிப்பக்கா.

வழக்கமாக இந்த இடத்தில் முனைகளை அவள் விரல்களில் வைத்துவிட்டு அவர் கையை எடுத்துக்கொள்வார். இன்றைக்கு எடுக்கவில்லை.

"டாக்டரம்மா சொன்னாங்க. பல்லு எடுத்ததால போகாதாம்."

அவர் ஏதோ கேட்க வாய் திறந்து மூடினார். மறுபடி திறந்தார்.

"அப்ப எதனால?"

"தெரியாதாம். இனிமே யாருக்கும் தெரியாதாம்."

விரிப்பு இருவர் நடுவிலும் தொய்ந்து தரையைத் தொட்டது. இத்தனை வருடம் அவரை ஒரு வார்த்தை திட்டியதில்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். திட்டாமல் இருந்ததுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய திட்டு என்று இப்போது தெரிந்தது. அதை எப்படித் திரும்ப எடுத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை. அவர் விரல்கள் அவள் விரல்களுக்கு மேலே சூடாக இருந்தன, ஆயுசு முழுக்கப் பெட்டி பிடித்தவரின் சூடு.

உள்கதவு அசைந்தது. ரேடியோ எழுந்து வந்திருந்தாள். இன்னும் அரை மணி நேரம் வாயைத் திறக்கக் கூடாது. துணி மூட்டைகளில் எண் எழுதிக் குத்துகிற துண்டுச் சீட்டு ஒன்றை எடுத்து, கடைப் பேனாவால் எழுதியிருந்தாள். அதை இருவர் முன்னாலும் நீட்டினாள்.

வாங்குவதற்கு இருவரிடமும் கை இல்லை. அவள் பிடித்திருந்த இடத்திலேயே படித்தார்கள்.

அண்ணனா, அக்காவா?

மடிப்பக்கா கணவரைப் பார்த்தாள். எந்தக் கேள்விக்கும் மனைவியைக் கைகாட்டுகிற மனிதர் இந்தத் தடவை அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"அண்ணன்" என்றார்.

மகள் சீட்டைத் தாழ்த்தவில்லை. கீழே இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது. அதைச் சுவரில் வைத்து, வீங்கிய முகத்தைச் சாய்த்துக்கொண்டு, அடுத்த கேள்வியை எழுத ஆரம்பித்தாள்.